அண்ணன் போட்ட தளம்

நூலகத்துக்குப் பின்னால் ஒரு கூட்ட அறை கட்டப்போகிறார்கள் என்று முடிவானபோது, அந்த வேலை தன் அண்ணனுக்குக் கிடைக்க வேண்டுமே என்று லைப்ரரியம்மா உள்ளுக்குள் தவித்தாள். வாய்விட்டு யாரிடமும் கேட்கவில்லை. ஊரில் கட்டட வேலை என்றால் முதலில் நினைவுக்கு வருகிற ஆள் அவர்தான் என்பதால் தானாகவே அவருக்கு வந்து சேர்ந்தது. எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. அவளுக்கு மட்டும் அண்ணன். ஐம்பதைத் தாண்டிய அவளை 'பாப்பா' என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்ததும் அவர் ஒருவர்தான்.

அப்பா இறந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுச் செங்கல் சுமக்கப் போனவர் அவர். அவள் படித்த படிப்பெல்லாம் அந்தச் செங்கலில் வந்தது. அவள் புருஷன் அவளை விட்டுப் போனபோது, ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியோடு வாசலில் வந்து நின்று, "ஏறு பாப்பா" என்று சொன்னவரும் அவர்தான்.

கூட்ட அறை இல்லாமல் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பழைய கட்டடம் ஒரே ஒரு கூடம். சனிக்கிழமை காலையில் குழந்தைகளுக்குக் கதை வாசிப்பு. அலமாரிகளுக்கு நடுவே பாய் விரித்து உட்கார வைப்பாள். அந்தப் பக்கம் பேப்பர் படிக்கிற பெரியவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். கண் பரிசோதனை முகாம் நடக்கும் நாளில் கவிதைப் புத்தக வரிசைக்கு முன்னால் எழுத்துப் பலகையைத் தொங்கவிட்டு, "மேலேயிருந்து மூணாவது வரிய படிங்க" என்று டாக்டர் கத்திக்கொண்டிருப்பார். மழை பெய்தால் வாளிகளை எடுத்து வைக்கவே அவளுக்கு நேரம் சரியாக இருக்கும். ஒரு கால் சூம்பிப்போன தையல்காரர் புத்தகம் எடுக்க வந்தால் வாசல் படியில் ரெண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கிவிட வேண்டும். அந்த மனிதர் அதற்குக் கூச்சப்பட்டே மாதக்கணக்கில் வராமல் இருந்துவிடுவார்.

அண்ணன் முதலில் கட்டியது அந்தத் தையல்காரருக்கான சாய்தளத்தைத்தான். அதில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. கைப்பிடிக் கம்பியைத் தையல்காரரை நிற்கவைத்து அவர் கை எட்டும் உயரத்துக்கே பொருத்தினார். அவர் தானாக ஏறி உள்ளே வந்த அன்று லைப்ரரியம்மா அலமாரிக்குப் பின்னால் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு கூட்ட அறைக்குச் சுவர் எழும்பியது. கூரைத் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட நாளில் அண்ணன் அவளைக் கூட்டிப்போய்க் காட்டினார். உள்ளே அதைத் தாங்கிக்கொண்டு காடு மாதிரி முட்டுக் கழிகள் நின்றன.

"இதெல்லாம் எப்ப எடுப்பீங்க?"

"அவசரப்பட்டா ஆகாது பாப்பா. கைக்குழந்த மாதிரி இது. கழுத்து நிக்கிற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது."

சொன்ன மனிதர் சொன்னபடி இருந்திருந்தால் கதையே இல்லை. நூலகக் குழுவின் தலைவர் மருந்துக்கடைக்காரர். நல்ல மனிதர், ஆனால் பிடித்தால் பிடிதான். திறப்பு விழாவுக்கு வருவதாக இருந்த பெரிய அதிகாரி வெளிநாடு போகிறாராம், அதனால் விழாவை முன்கூட்டியே வைத்துவிட்டேன் என்று ஒருநாள் வந்து நின்றார். அதே நேரத்தில் அண்ணன் இன்னொரு கட்டட வேலையையும் ஒப்புக்கொண்டிருந்தார். அங்கேயும் முட்டுக்கழி வேண்டும். ஒரு காலை அவள் நூலகத்தைத் திறக்க வந்தபோது கழிகளையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வானம் மூடிக்கொண்டு தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"அதுக்குள்ளயா அண்ணா?"

"எல்லாம் கெட்டியாயிடுச்சு. நீ போய் உன் புத்தகத்தப் பாரு."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பூச்சு முடிந்து வெள்ளையடித்த பிறகு, அறையின் கதவு மெல்ல மெல்ல இறுக ஆரம்பித்தது. தோளால் முட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. "மழைக்கு மரம் உப்பும் பாப்பா, இதுகூடத் தெரியாதா?" என்று அண்ணன் இழைப்புளி கொண்டுவந்து சீவிவிட்டார். மறுபடியும் இறுகியது. கூரையின் நடுவில் முடி மாதிரி ஒரு கோடு விழுந்தது. "பூச்சு காயும்போது வெடிக்கும்" என்று அதன்மேல் சுண்ணாம்பு தடவினார். சுண்ணாம்பிலும் அந்தக் கோடு வந்தது. அவள் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் அவர் சிரித்துவிட்டார்.

"நான் வீடு கட்ட ஆரம்பிச்சப்ப நீ பல்லு முளைக்காத புள்ள. எனக்கே பாடமா?"

மருந்துக்கடைக்காரரிடமும் சொல்லிப் பார்த்தாள். "உங்க அண்ணன் மேலயே உங்களுக்குச் சந்தேகமா?" என்றார் அவர்.

விழாவுக்கு முந்தின நாள் மாலை நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றையும் அவளே ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் நடு வரிசை நாற்காலிகளின் மேல் மட்டும் வெள்ளையாகப் பொடி உதிர்ந்து கிடந்தது. விரலால் தொட்டு எடுத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கோடு இப்போது சுவர்வரைக்கும் போயிருந்தது.

அந்த நடு வரிசைகளில்தான் குழந்தைகள் உட்காருவதாக இருந்தது.

வெளியே வந்தாள். கதவை இழுத்துப் பூட்டினாள். சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பழைய கூடத்தில் பாய்களை விரிக்கத் தொடங்கினாள்.

மருந்துக்கடைக்காரர் வந்து விரித்த பாய்களைப் பார்த்தார். "என்னம்மா இது? அதிகாரி கார் கிளம்பியாச்சு. ரூம திறங்க."

"மன்னிச்சுக்குங்க சார். அங்க யாரையும் உட்கார வைக்க மாட்டேன்."

"உங்களுக்கு என்ன பைத்தியமா? ஊரைக் கூட்டி வச்சுட்டு..."

அதற்குள் அம்மாக்கள் குழந்தைகளோடு வர ஆரம்பித்துவிட்டார்கள். தையல்காரர் சாய்தளத்தில் ஏறி வந்து ஓரமாக நின்றார். அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அண்ணியையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அன்று அவருக்குத்தான் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. விஷயம் கேட்டதும் அவர் கோபப்படவில்லை. நேராக அவளிடம் வந்து கையை நீட்டினார்.

"சாவியக் குடு பாப்பா."

"வேணாம் அண்ணா."

"எல்லாரும் பாக்குறாங்க. குடு."

"நடுவுல பொடி கொட்டியிருக்கு அண்ணா. நீங்களே போய்ப் பாருங்க. பாத்துட்டு, உங்க பேத்தியக் கொண்டுபோய் அதுக்குக் கீழ உட்கார வைப்பேன்னு சொல்லுங்க. இப்பவே திறந்து விடறேன்."

அவருடைய பேத்தி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தது. அவர் குழந்தையைப் பார்த்தார். பூட்டிய கதவைப் பார்த்தார். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு கையை மடக்கிக்கொண்டு திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். மழையில் குடைகூடப் பிடிக்கவில்லை. அண்ணி அவள் பக்கம் திரும்பி, "நல்லா இருப்பம்மா நீ" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அந்த மூன்று வார்த்தை அவளுக்குச் செருப்படி மாதிரி இருந்தது.

விழா பழைய கூடத்தில் நடந்தது. அதிகாரி வாளிகளுக்கு நடுவில் நின்று பேசினார். ஒரு சின்னப் பெண் ஒட்டகத்தின் கதையை வாசித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். லைப்ரரியம்மாவும் தட்டினாள்.

பொறியாளர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் அறைக்குள் மீண்டும் முட்டுக் கொடுக்கச் சொல்லி, சுத்தியலால் அங்கங்கே தட்டிப் பார்த்து, நூல் கட்டி அளந்து, வெளியே வந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"தளம் நடுவுல தொங்கியிருக்கு. முட்டுக்கழிய சீக்கிரமா எடுத்திருக்காங்க."

"விழுந்திருக்குமா சார்?" லைப்ரரியம்மா கேட்டாள்.

"அத எப்படிம்மா சொல்றது? இப்படியே இருபது வருஷம் நின்னாலும் நிக்கும். நாளைக்கே விழுந்தாலும் விழும். என்னைக் கேட்டா, கீழ உட்கார மாட்டேன். இடிச்சுட்டுப் புதுசாப் போடுங்க."

ஊர் அந்தப் பேச்சில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. இருபது வருஷம் நின்றிருக்குமாம், தங்கச்சிக்காரி அதற்குள் அண்ணனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டாள் என்று கடைவாசலில் பேசினார்கள். அண்ணன் ஒப்புக்கொண்டிருந்த மற்ற வேலை கைவிட்டுப் போனது. அவரை நம்பி வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியவர்களும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. "தூங்குறாரு" என்றாள். உள்ளே அண்ணன் இருமுகிற சத்தம் கேட்டது. அடுத்த வாரமும் போனாள். அப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

தளத்தை இடிக்க ஆள் தேடினபோது மருந்துக்கடைக்காரரிடம் மேஸ்திரியே வந்து சொன்னாராம். "நான் போட்டது. நானே இடிச்சுக் குடுக்கறேன். கூலி வேணாம்." மருந்துக்கடைக்காரர் எவ்வளவோ மறுத்துப் பார்த்தும் அவர் கேட்கவில்லை.

சாரம் கட்டி, மேலே ஏறி, சம்மட்டியும் உளியுமாக அண்ணன் இடித்தார். கூட ரெண்டு ஆட்கள். வயது அறுபதைத் தாண்டிய மனிதர். நூலகத்துக்குள் உட்கார்ந்திருந்த அவளுக்கு ஒவ்வொரு அடியும் மேசைப் பலகை வழியாக முழங்கையில் வந்து விழுந்தது. பேப்பர் படிக்கிறவர்கள் யாரும் அன்றைக்கு உச்சுக் கொட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தைத் திருப்பினார்கள்.

தளம் லேசில் உடையவில்லை. அதுதான் கொடுமை. சம்மட்டி பட்ட இடத்தில் பொறி பறந்ததே தவிர, பெயர்ந்து வருவதாக இல்லை. சுவருக்கு வெளியே வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தில் ஒருவன் சத்தமாகவே சொன்னான். "இரும்பு மாதிரி இருக்கு. இதப் போய் விழுந்துடும்னு சொன்னாங்களே." அவள் ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய பிறகும் கேட்டது.

மதியத்தில் டீ வாங்கி, தானே எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். ஆட்கள் இருவரும் வாங்கிக்கொண்டார்கள். அண்ணன் சுவரோரம் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அவளும் செங்கல் ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். ஆட்கள் நாகரிகம் தெரிந்தவர்கள், எழுந்து போய்விட்டார்கள்.

காலடியில் கிடந்த கான்கிரீட் சில்லு ஒன்றை அவள் எடுத்து உருட்டினாள்.

"ஊரே கேக்குது அண்ணா. நானும் உங்களத்தான் கேக்கணும். அது நின்னிருக்குமா?"

அவர் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"முட்டுக்கழிய எடுத்த அன்னைக்கு அடியில நின்னு பாத்தேன். லேசா இறங்குச்சு. நூல் அளவுதான். கண்ணு பொய் சொல்லுதுன்னு நினைச்சுக்கிட்டேன்." மறுபடியும் குடித்தார். "அதுக்கப்புறம் தினம் அந்த ரூமுக்குள்ள வந்தேனே, ஒருநாளாவது நடுவுல நின்னேனா? ஓரமாத்தான் நிப்பேன். நீ பாக்கல."

"அண்ணா..."

"நின்னிருக்குமான்னு எனக்குத் தெரியல பாப்பா. தெரியாத கூரைக்குக் கீழ புள்ளைங்கள உட்கார வைக்க இருந்தேன். அதுதான்." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அத உன் வாயால அத்தனை பேர் முன்னாடி கேக்க வேண்டியதாப் போச்சு பாரு."

"தனியாவும் சொன்னேனே அண்ணா."

"சொன்ன. நான் சிரிச்சேன்."

அவள் அவர் கையைத் தொடப் போனாள். அவர் கையை விலக்கிக்கொண்டார். கோபமாக இல்லை, புண்ணில் மண் பட்டுவிடும் என்கிற மாதிரி. "போ, உள்ள ஆளுங்க காத்துக்கிட்டிருப்பாங்க" என்றார். பிறகு சாரத்தில் ஏறிவிட்டார். அதற்கு மேல் அந்த வேலை முடிகிறவரைக்கும் அவளோடு பேசவில்லை. அண்ணன் சொன்னதை அவள் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் பக்கம் நியாயம் என்று ஆகியிருக்கும். அவருக்கு மிச்சமிருந்ததும் போயிருக்கும்.

புதுத் தளத்தை வெளியூர் ஒப்பந்தக்காரர் ஒருவர் போட்டார். ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. இந்த முறை பெரிய அதிகாரி யாரும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்து பாயை விரித்ததோடு சரி. குழந்தைகள் முண்டியடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தன. தையல்காரர் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தார். நல்ல குரல் அவருக்கு.

பாதிக் கதையில் அண்ணி பேத்தியைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். லைப்ரரியம்மா எழுந்து போனாள்.

"இவதான் வரணும்னு ஒரே அழுகை" என்றாள் அண்ணி, தரையைப் பார்த்துக்கொண்டே.

"அண்ணன்?"

"தெருமுனை வரைக்கும் வந்தாரு. வீட்டுக்குப் போறேன்னுட்டாரு."

குழந்தை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடியது. நடுவில் இடம் இருந்தது. அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. அண்ணி வாசலிலேயே நின்றுகொண்டாள். லைப்ரரியம்மா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அண்ணி கொஞ்சம் தயங்கிவிட்டு உட்கார்ந்தாள்.

தையல்காரர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். குழந்தைகள் எதற்கோ சிரித்தன. லைப்ரரியம்மா அந்தக் கதையை முன்பே பலமுறை படித்திருக்கிறாள். பார்வை தெருமுனைப் பக்கமே போய்க்கொண்டிருந்ததில், எந்த இடத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.