தலைகீழாக அடித்த நிலா

கெசியா கஞ்சிக் கிண்ணத்தை மறுபடியும் தள்ளி வைத்தாள். ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவில், பெண் கைதிகள் வேலை செய்யும் கம்பளிக் கொட்டடிக்கு வந்த நாளிலிருந்து அவள் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது.

அண்ணி டார்க்கஸ் கிண்ணத்தை அவள் பக்கமே திரும்ப நகர்த்தினாள். கள்ள ஷில்லிங் காசு வார்த்த குற்றத்துக்கு, கெசியாவின் அண்ணனான டார்க்கஸின் புருஷனை இங்கிலாந்திலேயே தூக்கில் போட்டார்கள். இவர்கள் இருவரையும் கப்பலேற்றினார்கள். இனி அவளுக்கென்று மிச்சமிருப்பது இந்த நாத்தனார் ஒருத்திதான்.

காசுக்கு அச்சு செய்தவள் டார்க்கஸ். அதில் அவள் செய்த ஒரு தப்பால்தான் பிடிபட்டார்கள். கப்பல் பூராவும் கெசியா அதையே சொல்லிச் சொல்லிக் குத்தினாள். இப்போது குத்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை. டார்க்கஸுக்கு அந்த மௌனம்தான் பயமாக இருந்தது.

"ஒரு வாய் குடிடி."

"இந்த ஊரே கள்ளக் காசு அண்ணி. ஜூன் மாசத்துல குளிருது. மரம் இலைய வச்சுக்கிட்டு பட்டைய உதிர்க்குது. அன்னம் கறுப்பா நீந்துது. இது கடவுள் செஞ்ச பூமியே இல்ல. இங்க செத்தா அவர் கண்ணுலயே படமாட்டோம்."

பக்கத்தில் கம்பளியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஐரிஷ்காரி பிரிஜிட் சிரித்தாள். "நம்ம மேஸ்திரியோட வசவு மட்டும் அசல் வெள்ளிதான் தாயி. தட்டிப் பாரு, கணீர்னு கேக்கும்!"

கெசியா சிரிக்கவில்லை.

அன்று ஆற்றில் கம்பளி அலசி முடிய நேரமாகிவிட்டது. கப்பலில் பொழுது சாயுமுன்னே கீழே அடைத்துப் பூட்டுவார்கள், கொட்டடியிலும் அப்படித்தான். அதனால் இந்த நாட்டு நிலாவை அவர்கள் யாரும் நின்று பார்த்ததில்லை. ஈரக் கூடைகளோடு கரையேறும்போது, வடக்கே மரங்களுக்கு மேல் முக்கால் நிலா நின்றது.

கெசியாவின் கூடை சேற்றில் விழுந்தது.

"அண்ணி... சுள்ளிக்காரன பாரு."

நிலாவின் கறையில் தெரியும் உருவம் அவன்; ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை சுள்ளி பொறுக்கியதற்காக நிலாவுக்கு நாடு கடத்தப்பட்டவன் என்று அவர்கள் ஊரில் கதை சொல்வார்கள். முதுகில் சுள்ளிக்கட்டோடு அங்கே நிற்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். இங்கே அவன் தலை கீழே, கால் மேலே தொங்கினான்.

"நிலாவும் கள்ளம்! எங்கண்ணன் மாதிரியே அவனும் தொங்குறான்!" கெசியா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டார்க்கஸுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. ஆனால் அச்சு செதுக்கிய கண் சும்மா இருக்குமா? அவனுடைய தலையை, சுள்ளிக்கட்டை, நிலாவின் விளிம்பை ஒவ்வொன்றாகத் தேடியது. எல்லாம் இருந்தது. ஒரு கோடுகூடச் சிதையவில்லை. முழு உருவமும் அப்படியே சுழன்றிருந்தது.

"உங்கண்ணன் கொடுத்த காச எடு."

கெசியா சட்டை மடிப்பிலிருந்து ஒரு செம்புக் காசை எடுத்தாள். அசல் பென்னி. டார்க்கஸ் அதில் ராஜா தலையை நேராகப் பிடித்தாள். பிறகு புத்தகத்தில் ஏடு திருப்புவதுபோல் திருப்பினாள். மறுபக்கம் ஈட்டியோடு உட்கார்ந்திருந்த அம்மாள் தலைகீழாக இருந்தாள்.

"ராஜாவோட அசல் காசு எல்லாமே இப்படித்தான்டி. ஒரு பக்கம் நேரா இருந்தா, மறுபக்கம் கவுந்திருக்கும். நான் வார்த்த ஷில்லிங்குல என்ன ஆச்சு?"

கெசியா காசையே பார்த்தாள். "ரெண்டு பக்கமும் நிமிர்ந்து நின்னுச்சு. நம்மளப் பிடிச்ச அதிகாரி திருப்பிப் பாத்துட்டு சிரிச்சான்."

"கள்ளக் காசுலதான்டி ரெண்டு பக்கமும் நேரா நிக்கும். இந்த நிலா கவுந்திருக்கு. நாம பூமியோட மறுபக்கத்துல நிக்கிறோம். இதுவும் கடவுள் அடிச்ச அசல் காசுதான்."

கெசியா அண்ணாந்து பார்த்தாள். நிலவொளி ஆற்றில், பட்டை உரிந்த மரத்தில், டார்க்கஸின் முகத்தில் விழுந்திருந்தது. பிரிஜிட் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். வசவோடு வந்த மேஸ்திரிகூட எல்லோரும் பார்க்கும் திசையில் பார்த்துவிட்டு, திட்ட மறந்து நின்றான்.

கெசியா மூக்கைத் துடைத்தாள்.

"ஆண்டவருக்கு அச்சை எப்படி வைக்கணும்னு தெரிஞ்சிருக்கு. உனக்குத்தான் தெரியல, கழுத!"

டார்க்கஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. "தெரியலடி. எனக்குத் தெரியல."

"சரி, தூக்கி விடு. அந்தக் கஞ்சிய நாய் குடிச்சிடுச்சா, இருக்கா?"