நான்காவது சாட்சி

மூப்பர் தொமாசி சனிக்கிழமை காலையிலேயே மலாகியின் சேப்பங்கிழங்குத் தோட்டத்துக்கு வந்துவிட்டார், கையில் நான்கு பக்கச் சாட்சியோடு. சொல்லவேண்டியவன் அவன், எழுதியவர் மூப்பர். மறுநாள் ஆராதனைக்குத் தலைநகர் ஆப்பியாவிலிருந்து பெரிய போதகர்கள் வருகிறார்கள்.

"வானத்துலேருந்து ஒரு ஒளி வந்துச்சுன்னு போட்டிருக்கேன்டா. மூணாம் பக்கத்துல நீ அழணும்."

"ஒளியெல்லாம் வரலியே மூப்பரே."

"போன தடவை வந்துச்சே?"

"அதுவும் நீங்க எழுதினதுதான்."

"பேரை அறிவிச்சாச்சு. வராம இருந்து ஊர் மானத்தை வாங்கிடாதே."

குடியிலிருந்து மீண்டதாக அந்தச் சபையில் மலாகி ஏற்கெனவே மூன்று முறை சாட்சி சொல்லியிருந்தான். மூன்று முறையும் சபை அழுதது, முழுப் பன்றி சுட்டு விருந்து வைத்தது, ஆண்கள் கட்டித் தழுவினார்கள். முதலில் அந்தப் புகழ் தலைக்கேறும். பின்னாலேயே பீர் வரும். இரண்டு வாரத்துக்குள் வாழைத்தோப்பிலிருந்து அவனைத் தூக்கி வரவேண்டியிருக்கும். மூன்றாவது முறை தூக்கி வந்தபோது அவன் மனைவி தலித்தா சொன்னாள்: "இன்னொரு தரம் அந்த மேடையில நின்னு அழுதீங்கன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் கூப்பிடவும் வராதீங்க."

இப்போது குடிக்காமல் நான்கு மாதம். எப்படி என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. விடிந்ததும் கடப்பாரையை மண்ணில் ஊன்றிவிட்டு, "ஆண்டவரே, மத்தியானம் வரைக்கும் பாத்துக்கும்" என்பான். மத்தியானம் வந்தால், "சாயங்காலம் வரைக்கும்." வாழ்நாள் முழுவதையும் மூன்று தடவை அவருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டவனுக்கு அதற்கு மேல் கேட்கக் கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது வாசற்பக்கம் தலித்தாவின் துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. அவன் பார்த்தான். பார்த்ததை அவளும் பார்த்தாள்.

கோயிலில் எல்லாரும் வெள்ளையில். பாவக்குழியின் ஆழத்தை மூப்பர் கால்மணி நேரம் அளந்து காட்டிவிட்டு மலாகியை அழைத்தார். பெண்கள் வரிசையில் தலித்தாவின் ஓலை விசிறி மட்டும் வேகமாக ஆடிக்கொண்டிருந்தது. மலாகி அந்த நான்கு பக்கங்களையும் மடித்துப் பாட்டுப்புத்தகத்துக்கு அடியில் வைத்தான்.

"காலையில கடவுள்கிட்ட மத்தியானம் வரைக்கும் கேட்டேன். தினமும் அவ்வளவுதான் கேக்குறேன். இப்ப மணி பத்தரை. இன்னும் ஒன்றரை மணி நேரம் பாக்கி இருக்கு. எனக்காக ஜெபம் பண்ணிக்குங்க."

உட்கார்ந்துவிட்டான். யாரும் அழவில்லை. பெரிய போதகர்களில் ஒருவர் இருமினார். கண்ணீருக்கென்று மூப்பர் விரித்து வைத்திருந்த கைக்குட்டை மறுபடி பைக்குள் போனது. இதுதானா முடிவு என்று புரியாமல் பாடகர் குழு சற்றுத் தாமதமாகத் தொடங்கியது. விசிறி நின்றிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வழக்கம்போல் தலித்தா இருபது அடி முன்னால் நடந்தாள். ஈரப்பலா மரத்தடியில் நின்று, செருப்பைக் கழற்றி உதறினாள். கல் மாட்டிக்கொண்டது போலிருக்கிறது. அவன் பக்கத்தில் வந்து சேரும்வரை உதறிக்கொண்டிருந்தாள்.

"மத்தியானத்துக்கு அப்புறம்?" என்றாள், தலை நிமிராமல்.

"மறுபடி கேக்கணும்."

"ம்."

செருப்பை இன்னொரு முறை உதறினாள். எதுவும் விழவில்லை.