ஸ்பீக்கர்தான், உட்காருங்க

ஊரில் இருக்கிற ஆளையெல்லாம் விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைத்தான் கொலைக்கு உடந்தை என்று போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. கரப்பானை அடிக்கக்கூட என்னைக் கூப்பிடுகிற மனுஷன். மைக் செட் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

நடந்தது இதுதான். இவர் மைக் செட் போட்ட தேர்தல் கூட்டத்தில் வேட்பாளர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே இடதுபக்க ஸ்பீக்கர் பெட்டி படார் படாரென்று வெடித்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. இவர் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. என்ன சத்தம் கேட்டாலும் முதலில் கூட்டத்தை உட்காரவைத்துவிட வேண்டும். ஒருத்தர் எழுந்து ஓடினால் போதும், குழந்தை குட்டியெல்லாம் மிதிபட்டுச் சாகும். அன்றைக்கும் படாரென்றது. இவர் ஆம்ப்ளிஃபயரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், பழக்கதோஷத்தில் இன்னொரு மைக்கை எடுத்து, "ஒண்ணுமில்லைங்க, ஸ்பீக்கர்தான், அப்படியே உட்காருங்க" என்று சொல்லிவிட்டார். கூட்டம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தது. வேட்பாளர் சரிந்ததைக்கூட, களைத்துப்போய் நாற்காலியில் உட்காருகிறார் என்றே நினைத்தார்களாம். சுட்டவன் வழிவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே சாவகாசமாக வெளியே நடந்திருக்கிறான்.

கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கொலைகாரனோடு பேசிவைத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னான் என்று கிளம்பிவிட்டார்கள். எங்கள் கடை ஷட்டரில் கல் விழுந்தது. வக்கீலைப் பார்ப்போம் என்றான் என் தம்பி. வக்கீல் வருவதற்குள் இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார். வீட்டில் நான் சத்தம் போட்டாலே செய்யாத தப்புக்கெல்லாம் ஆமாம் போடுகிற ஆள். அதனால் வேட்பாளரின் மனைவியைப் பார்க்க நேரே போனேன். அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள். வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே நடந்தேன்.

நான் யாரென்று சொன்னதும் கூடத்தில் இருந்தவர்கள் அடிக்கவே வந்துவிட்டார்கள். அந்த அம்மா கையைக் காட்டி அவர்களைத் தடுத்துவிட்டு, என்னை உட்காரச் சொன்னார். நான் மூச்சுவிடாமல் பெட்டி, பழக்கம், குழந்தைகள் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நானும் முன்வரிசையிலதான் இருந்தேன்," என்றார். "சத்தம் கேட்டதும் பதறி எந்திரிச்சுட்டேன். ஸ்பீக்கர்தான்னாரு. உட்கார்ந்துட்டேன்."

நான் சேர்த்து வைத்த சண்டை வார்த்தையெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்ச நேரம் உயிர் இருந்துச்சாம். மேடை மேல ஓடியிருந்தா தலையையாவது மடியில வச்சிருப்பேன். நான் கீழ எல்லாரோடயும் சேர்ந்து சிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அவர் அழவில்லை. போனை எடுத்து போலீஸ் அதிகாரியிடம் பேசினார். அந்த மனுஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும், தானே நேரில் வந்து சொல்வதாகச் சொன்னார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"வந்துடுவாரு. கூட்டிக்கிட்டுப் போங்க," என்றார். "ஆனா அவரு குரல் மட்டும் இனிமே என் காதுல விழவே கூடாது. என்னால தாங்க முடியாது."

சாயங்காலம் இவர் கன்னம் வீங்கி வீடு வந்து சேர்ந்தார். உட்காரக்கூட இல்லை, அந்த அம்மா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று செருப்பைத் தேடினார். வேண்டாம் என்றேன்.

"இனிமே மைக்ல நான் பேசிக்கிறேன்," என்றேன். "நீங்க செட்டை மட்டும் பாருங்க."

ஏன் என்று கேட்டார். வீங்கிய கன்னத்துக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வைக்கப் போனேன்.