பஹீம் கராஜில் கிருமிகளுக்கு விழா

1
மனிதகுல வரலாற்றில் முதன்முறையாக, அக்குறணையில் ஒரு கராஜின் பின்வளவுக்குச் சிறப்பு விருந்தினர் எழுந்தருளினார் என்பதைச் சகலருக்கும் அறியத் தருகிறேன். காருக்கு ஒயில் மாற்றப் போன இடத்தில் எனக்கு இந்தக் கதை கிடைத்தது.

2
'மண் மௌனமாக அழுதது…' (வெட்டு. பதினைந்து வருடக் கழிவு ஒயிலைக் குடித்த மண்ணுக்கு அழ எங்கே நேரம்?)

மறுபடி தொடங்குகிறேன். கராஜுக்குப் பக்கத்து வீட்டு மஸீனாவின் கிணற்றுத் தண்ணீரில் அந்த ஒயில் வாடை. சோறாக்க, குடிக்க, பள்ளிவாசல் குழாயிலிருந்து தினமும் நாலு வாளி சுமந்தாள். அவளுக்குக் கிணறு திரும்ப வேண்டும்.

3
இதைச் சரிசெய்யப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கலாநிதி இப்திகாரைக் கதாநாயகனாக்கத்தான் நினைத்தேன். ('மண்' என்ற சொல்லே வராமல் இருபது நிமிடம் மண்ணைப் பற்றிப் பேசக்கூடியவர். யோசிக்க வேண்டும்.) மண்ணைத் தோண்டி லொறியில் ஏற்ற வேண்டாம், ஒயில் தின்னும் கிருமிகளை அங்கேயே வளர்த்தால் போதும் என்றார். வளர்த்தார். சாணம் போட்டு, கிளறி, ஈரம் காத்து மூன்று மாதம். வாடை குறைந்தது. மஸீனா கிணற்று நீரில் பாத்திரம் கழுவிப் பார்த்தாள்.

புத்தியுள்ள எழுத்தாளன் இங்கே நிறுத்தியிருப்பான். புத்தியுள்ள கலாநிதியும்தான். இவரோ விழா கேட்டார். பெயர்ப்பலகை, ரிப்பன், சிறப்பு விருந்தினர்.

4
பெரிய மனிதர் வருகிறார் என்றால் நாம் என்ன செய்வோம்? வழியோரக் கல்லுக்குக்கூட வெள்ளை அடிப்போம். கராஜ்காரர் பஹீம் ஒரு படி மேலே போனார்.

"சாணி நாத்தத்துல அவர நிப்பாட்டேலுமா சேர்? வளவு முழுக்க குளோரின் கரைச்சி ஊத்திட்டன். இப்ப ஒரு கிருமி இல்ல."

இப்திகார் கிடைத்த கதிரையில் உட்கார்ந்தார். விருந்தினர் ரிப்பனை வெட்டி, இவ்வளவு சுத்தமான மண்ணைத் தாம் கண்டதே இல்லை என்றார்.

"அப்ப என்ட கெணறு, பஹீம் நானா?" என்று மஸீனா கேட்டாள். அதற்கு அவர்…

(வாக்கியம் முடியவில்லை. கைதட்டல்.)

5
முடிவு ஒன்று: ஒரு மூலையில் சில கிருமிகள் பிழைத்துக்கிடக்கின்றன. முடிவு இரண்டு: கலாநிதியே சாணம் அள்ளுகிறார். (இதை நானே நம்பவில்லை.) மூன்றாவது உங்களுடையது, நல்லதாக எழுதுங்கள்.*

* என்னிடம் நியாயம் கேட்காதீர்கள். என் காரின் பழைய ஒயிலும் அந்த மண்ணில்தான் இருக்கிறது.

மஸீனா இன்றைக்கும் நாலு வாளி சுமந்தாள்.