ஒன்பதும் முப்பத்தெட்டும்

டோரதி வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் பெரிது, ஆள்பலம் சிறிது. 'ஆராய்ச்சி மதிப்பீடு மற்றும் தகவல் சேவைப் பிரிவு' என்ற பலகை, பல்கலைக்கழகம் திருச்சி மன்னார்புரத்தில் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு மாடியின் படிக்கட்டடியில் தொங்கியது. மேலே ஏறிப் போனால் மூன்று மேஜை, மூன்று பேர். தலைவர் டாக்டர் ஜமால், புள்ளியியல்காரர். வீரமலை, டைப்பிஸ்ட். நூலகப் படிப்பு முடித்து வந்த டோரதிதான் மற்ற எல்லாம்.

சுற்றுவட்டாரக் கல்லூரி ஆசிரியர்கள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் திரட்டுவது அவர்கள் வேலை. எழுதியதைப் பட்டியல் போட்டால் மட்டும் ஆயிற்றா? அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வேறு ஊரில், வேறு நாட்டில் யாராவது தம் கட்டுரையில் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். அந்த விவரம் அடங்கிய தடிதடியான வால்யூம்கள் சென்னையில் ஒரு நூலகத்தில்தான் இருந்தன. எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்து. 1985 மே மாத வெயிலில் டோரதி பன்னிரண்டு நாள் அங்கே உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்துக் கார்டு கார்டாக எழுதினாள். அவற்றைச் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி, ரயிலில் மடியை விட்டு இறக்காமல் திருச்சிக்குக் கொண்டு வந்து சேர்த்தாள்.

மாதம் ஒரு முறை பிரிவின் செய்தி மடல் ஒன்றும் வெளிவரும். நாலு பக்கம். டோரதி எழுதுவாள், வீரமலை ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் சுற்றிப் பிரதி எடுப்பார், நாற்பது கல்லூரிகளுக்குத் தபாலில் போகும். போனதோடு சரி. ஆறு இதழ் போயும், 'கிடைத்தது' என்று ஒரு வரி எழுதிப் போட்டவர் கிடையாது.

ஏழாவது இதழின் முதல் பக்கத்தில்தான், கல்லூரிகளின் தரவரிசையோடு, அந்தச் செய்தி வந்தது. 'நம் வட்டார ஆசிரியர்களில் உலக ஆராய்ச்சியாளர்களால் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவர், விலங்கியல் பேராசிரியர் எஸ். அற்புதசாமி. நாற்பத்தேழு முறை!' ஆச்சரியக்குறி டோரதி போட்டது. ஜமால் அதைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். வீரமலை கவனிக்காமல் டைப் செய்துவிட்டார்.

இந்தத் தடவை தபால் வந்தது. பாராட்டி மூன்று கடிதம், "எங்கள் கல்லூரி ஏன் பத்தாவது இடத்தில்?" என்று கோபித்து ஐந்து கடிதம். அற்புதசாமியின் கல்லூரியில் பாராட்டு விழாவுக்கு நாள் குறித்துவிட்டதாகவும் கேள்வி. டோரதிக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒருவராவது படிக்கிறாரே!

பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, அறுபதை நெருங்கிய ஒருவர் கையில் குடையும் கக்கத்தில் பழுப்பு உறையுமாக மூச்சு வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"நான்தாங்க அற்புதசாமி."

டோரதி எழுந்தே விட்டாள். "வாங்க சார், உட்காருங்க! நாங்களே வந்து பார்க்கணும்னு இருந்தோம்."

அவர் உட்காரவில்லை. குடையை நாற்காலி முதுகில் மாட்டி, எடுத்து, மறுபடியும் மாட்டினார்.

"மேடம், அந்த நாற்பத்தேழுல என்னோடது ஒன்பதுதாங்க."

"சார்?"

"நான் மண்புழு ஆளு. முப்பது வருஷமா மண்புழுதான். என்னை மேற்கோள் காட்டினவங்க எனக்கு அனுப்பின பிரதி ஒன்பது. மீதி முப்பத்தெட்டும் கொசுப் புழு பத்தின கட்டுரைக்கு வந்தது. என் ஆயுசுல நான் கொசுவை அடிச்சிருக்கேனே தவிர ஆராய்ச்சி பண்ணினதில்லைங்க."

ஜமால் தம் மேஜையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். வீரமலையின் டைப் சத்தம் நின்றது. டோரதி போய் 'அ' பெட்டியை இறக்கினாள். கார்டுகளைக் கையில் எடுத்ததுமே அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. வால்யூமில் 'எஸ். அற்புதம், விலங்கியல், திருச்சிராப்பள்ளி' என்று இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்றில் கல்லூரிப் பெயர் இருந்தது, மற்றதில் இல்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நினைத்து இரண்டு கட்டையும் ஒரே ரப்பர் பேண்டில் போட்டவள் அவள்தான். ஒரு நிமிஷ வேலை. சரிபார்த்திருந்தால் இன்னொரு நிமிஷம்.

"தப்பு என்னோடதுதான் சார்" என்றாள்.

"என்னோடதும் இருக்கு. கட்டுரையில நான் 'அற்புதம்'னுதான் சுருக்கிக் கையெழுத்துப் போடுவேன்" என்றார் அவர். அப்புறம் தயங்கினார். "அதோட, உங்க மடல் வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். சொல்லாமலே பத்து நாள் ஓட்டிட்டேன். வீட்டுல ரோசம்மா பாலக்கரை முழுக்க மைசூர்பாகு குடுத்துட்டா. பிரின்சிபால் கட்டிப் பிடிச்சார். சொல்ல மனசு வரலை. நேத்து சர்ச்சுல பூசையில சாமியார் பிரசங்கத்துக்கு நடுவுல என் பேரைச் சொல்லி வாழ்த்தினார் பாருங்க, அங்கேதான் தாங்க முடியலை."

பழுப்பு உறையை மேஜைமேல் கவிழ்த்தார். வெளிநாட்டுத் தபால் அட்டைகள். ஜப்பான், தாய்லாந்து, செக்கோஸ்லோவாகியா. 'தங்கள் கொசுப் புழுக் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்ப முடியுமா?' என்று அச்சடித்த கோரிக்கைகள். கல்லூரிப் பெயர் இல்லாமல் வந்ததால், ஊரில் தெரிந்த அற்புதம் அவர்தான் என்று தபால்காரர் நாலைந்து வருஷமாக அவரிடமே கொடுத்திருக்கிறார். யாரோ ஆள் தெரியாமல் எழுதுகிறார்கள் என்று அவரும் இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறார். பாதி அட்டைகளில் ஸ்டாம்பு இருந்த இடம் சதுரமாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது.

"என் மக ஸ்டாம்பு சேர்க்குது" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அவர் போனபின் ஜமால் அலமாரியைத் திறந்து ஓர் அறிக்கையின் நகலை எடுத்தார். நிதி ஒதுக்கும் குழுவுக்கு இதே எண்களோடு அறிக்கை போயிருந்தது. 'இவர்கள் யார் நமக்கு மார்க் போட?' என்று ஏற்கெனவே பல கல்லூரிகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. வெறும் வாயை மெல்பவர்களுக்கு அவல் கிடைத்ததுபோல் ஆகிவிடும்.

"அடுத்த மடல்ல கடைசிப் பக்கம், கீழே சின்னதா ஒரு திருத்தம் போட்டுடலாமா சார்?" என்றார் வீரமலை.

ஜமால் டோரதியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

"முதல் பக்கத்துல போட்டதை முதல் பக்கத்துலதான் சார் திருத்தணும். குழுவுக்கும் இன்னிக்கே எழுதிடணும். ஆனா, 'இது இவரோடது இல்லை'ன்னு மட்டும் எப்படிப் போடுறது? யாரோடதுன்னு போட வேண்டாமா? முப்பத்தெட்டு பேர் தேடிப் படிச்சிருக்காங்க. எழுதினவங்களுக்குத் தெரியுமான்னே தெரியலை."

"அப்ப கண்டுபிடிங்க. நான் குழுவுக்கு எழுதறேன்" என்றார் ஜமால். "இதுக்குத்தானே பேர்ல 'தகவல் சேவை'ன்னு போட்டிருக்கோம்."

டோரதி மூன்று நாள் அலைந்தாள். கட்டுரை வந்த பத்திரிகையைத் தேடி எடுத்ததில், அடியில் 'எஸ். அற்புதம்' என்ற பெயரோடு ஒரு மகளிர் கல்லூரியின் பெயர் இருந்தது. அந்தக் கல்லூரி விலங்கியல் துறையில் ஆய்வுக்கூட உதவியாளராயிருந்த பாப்பாயி, பெயரைக் கேட்டதும் சிரித்தாள். "அற்புதம்மாளா? கரண்டியும் கையுமா வாய்க்கால் வாய்க்காலா திரியுமே, அந்தப் பொண்ணுதானே? எம்பது சனவரியில கல்யாணம் ஆகிப் போயிடுச்சு. வழிகாட்டி மேடமும் அதே வருஷம் ரிட்டயர் ஆயிட்டாங்க. மாப்பிள்ளை ரயில்வே. இப்ப ஸ்ரீரங்கத்துல ஸ்கூல் டீச்சர்."

மறுநாள் டோரதி ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் இறங்கினாள். பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்திருந்தது. ஏழாம் வகுப்பு வாசலில், சாக்பீஸ் படிந்த கையோடு ஒல்லியாக ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும்.

"இன்ஸ்பெக்‌ஷனா மேடம்? ரெக்கார்டு எல்லாம் ஹெச்செம் ரூம்ல இருக்கு."

"இல்லைங்க. நான் பல்கலைக்கழகத்திலேர்ந்து வரேன். நீங்க எழுதின கட்டுரை விஷயமா."

அற்புதம்மாளுக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. டோரதி கார்டுகளை ஒவ்வொன்றாக மர பெஞ்சில் பரப்பினாள். இது ஜப்பான். இது பாங்காக். இது புனே. இது மறுபடியும் பாங்காக். வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தினபின் தேங்கும் குட்டைகளில் கொசுப் புழு எத்தனையாவது நாள் பெருகுகிறது என்று அவள் எழுதியிருந்ததைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டியிருந்தார்கள். முப்பத்தெட்டு கார்டையும் அவள் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அழுவாளோ என்று டோரதி பயந்தாள். அவள் அழவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"யாராவது நான் சொன்னது தப்புன்னு எழுதியிருக்காங்களா?"

டோரதிக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போயிற்று. "தெரிஞ்ச வரைக்கும் இல்லைங்க. பாங்காக்காரங்க அதே மாதிரி அவங்க ஊர் வாய்க்கால்ல பண்ணிப் பார்த்திருக்காங்க. உங்களுக்குப் பதினோராம் நாள், அவங்களுக்குப் பத்து."

"அங்கே வெயில் ஜாஸ்தியா இருக்கும்" என்றாள் அற்புதம்மாள் உடனே. அப்புறம் தான் சொன்னதைத் தானே கேட்டவள்போல் சிரித்துவிட்டாள். "பதினோராம் நாள்கூட முழுக்க சரியில்லைங்க. எண்பத்திரண்டுல பதிமூணு ஆச்சு. அந்த வருஷம் ஆடி மழை."

"எண்பத்திரண்டுலயா? நீங்கதான் எண்பதுலயே விட்டுட்டீங்களே?"

"கட்டுரைதான் விட்டேன். எண்ணுறதை எங்கே விட்டேன்? ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலேயே வாய்க்கால் ஓடுது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வந்து பத்து கரண்டி தண்ணி மொண்டு புழுவை எண்ணி எழுதிடுவேன். வாய்க்கால்ல தண்ணி நிறுத்தினா மட்டும், பெருகற வரைக்கும் தினமும். பழக்கமாயிடுச்சு. யாருக்கும் சொன்னதில்லை. சொன்னா சிரிப்பாங்க."

மணி அடித்தது. அவள் வகுப்புக்குள் போகத் திரும்பினாள். திரும்பி வந்து டோரதியின் கையைச் சாக்பீஸோடு பிடித்துக்கொண்டாள். "அந்தப் பாங்காக் கட்டுரையை ஒரு தடவை படிக்கக் கிடைக்குமா மேடம்?"

"வாங்கித் தரேன். அதுதான் எங்க வேலை" என்றாள் டோரதி.

எட்டாவது இதழின் முதல் பக்கத்தில் 'எங்கள் தவறு' என்று தலைப்புப் போட்டு டோரதி நடந்ததை நடந்தபடி எழுதினாள். ஒன்பது யாருடையது, முப்பத்தெட்டு யாருடையது, தப்பு எப்படி வந்தது, இனி ஒவ்வொரு பெயரையும் அவரவருக்கே அனுப்பிக் கேட்டபின்தான் எண்ணுவோம். ஜமால் இந்தத் தடவை எதையும் அடிக்கவில்லை. வீரமலை ஸ்டென்சிலை இரண்டு முறை சரிபார்த்தார்.

கிண்டல் கடிதம் வரத்தான் செய்தது. ஒரு பிரின்சிபால், 'அடுத்த முறை எனக்கும் ஒரு முப்பத்தெட்டு போட்டுவிடுங்கள்' என்று எழுதியிருந்தார். டோரதி அதையும் கோப்பில் சேர்த்தாள். ஆனால் அடுத்த வாரத்தில் வேறு விதமான கடிதங்கள் வந்தன. 'என் இனிஷியல் தவறாக இருக்கிறது, திருத்துங்கள்', 'இந்தக் கட்டுரை என் தம்பியுடையது', 'திருமணத்துக்கு முன் வேறு பெயரில் எழுதியவையும் என்னுடையவையே'. பத்தொன்பது பேர் தாங்களாகவே எழுதினார்கள். நிதிக்குழுவும் திருத்திய பக்கத்தை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் போட்டது. அற்புதசாமியின் பாராட்டு விழாவை மட்டும் கல்லூரி ரத்து செய்யவில்லை. ஒன்பதுக்கும் டீ பார்ட்டி உண்டு என்று பிரின்சிபால் சொல்லிவிட்டாராம். அற்புதசாமியே தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அற்புதம்மாள் கணவர் தைரியராஜோடு மன்னார்புரம் மாடிக்கு வந்தாள். அவர் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர். கையில் ஒரு துணிப்பை. பையிலிருந்து ஆறு நோட்டுகள் வெளிவந்தன. வாரம், தேதி, வெயில், தண்ணீர் ஆழம், பத்து கரண்டியின் எண்ணிக்கை. ஆறு வருஷம்.

ஜமால் முதல் நோட்டைப் பிரித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மாஷா அல்லாஹ்! வாரம் தவறாமலா?"

"மூணு வாரம் நான் எண்ணலைங்க சார். மக பிறந்தப்ப. இவங்க எண்ணினாங்க. அந்த மூணும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். இவங்க கூட்டுப்புழுவையும் சேர்த்து எண்ணிடுவாங்க."

"நீ அதைப் பிரிச்சு எண்ணச் சொல்லவே இல்லையே" என்றார் தைரியராஜ், ரோஷமாக. "ஆஸ்பத்திரிக் கட்டில்லேர்ந்து 'எண்ணிட்டீங்களா, எண்ணிட்டீங்களா'ன்னுதான் கேட்டே."

"அந்த மூணையும் தூக்கிடலாம்" என்றாள் அவள்.

"தூக்க வேண்டாம்மா" என்றார் ஜமால். "அடுத்த ரெண்டு மாசம் நீங்க ரெண்டு பேரும் ஒரே கரண்டித் தண்ணிய தனித்தனியா எண்ணுங்க. ஒருத்தர் எண்ணினதை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது. சார் எவ்வளவு கூட எண்ணுறார்னு தெரிஞ்சிட்டா அந்த மூணு வாரத்தையும் திருத்திச் சேர்த்துக்கலாம். இன்ஷா அல்லாஹ், மார்கழிக்குள்ள கட்டுரை ரெடி. பகுதிநேர ஆராய்ச்சிக்கும் நீங்க பதிவு பண்ணிக்கணும். ஃபாரம் டோரதிகிட்ட இருக்கு."

அற்புதம்மாள் ஃபாரத்தை வாங்கி அங்கேயே உட்கார்ந்து நிரப்ப ஆரம்பித்தாள். தைரியராஜ், 'ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை யாரிடம் மாற்றிக்கொள்வது' என்று வாய்விட்டே யோசித்துக்கொண்டிருந்தார். வீரமலை கீழே போய் ஐந்து டீ சொல்லிவிட்டு வந்தார். டோரதி 'அ' பெட்டியை மடியில் வைத்து, புதிதாக வெட்டிய ஒரு அட்டையில் அற்புதம்மாளின் முழுப்பெயரையும் முகவரியையும் அவளிடமே எழுத்துக்கூட்டிக் கேட்டு, நிதானமாக எழுதினாள்.