சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இந்தியாக்காரி

"நில்! இந்த வாசலைத் தாண்டினால் நம் உறவு முறிந்தது என்று பொருள்!"

"முறியட்டும்! உன் சந்தேகத் தீயில் வெந்து சாம்பலாகும் வரை நான் காத்திருக்க வேண்டுமா?"

"துரோகி!"

"தொடாதே! உன் விரல் பட்டாலே என் உடல் கூசுகிறது!"

பிறகு ஒரு விசும்பல். பிறகு நாற்காலி ஒன்று விழுந்த சத்தம்.

நான் ஒட்டுக் கேட்பவள் இல்லை. வெங்காயம் உரிப்பவள். என் வீட்டுக்காரர் ஜஹாங்கீர் ஸ்கூடாயில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். கடைக்கு வேண்டிய வெங்காயத்தை நான் வீட்டில் உரித்துக் கொடுப்பேன். ஹாலில் உட்கார்ந்தும் உரிக்கலாம்தான். ஆனால் அங்கே டிவி ஓடும், சுவர் பேசுவது கேட்காது. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், எல்லாம் வரிசை வீடுகள். என் சமையலறைக்கும் பக்கத்து வீட்டுச் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர். அதைக் கட்டியவன் செங்கல்லை மிச்சம் பிடித்திருக்கிறான், அவன் நல்லா இருக்கட்டும்.

பக்கத்து வீட்டில் குகநாதனும் அவன் மனைவி சுபத்திராவும் இருந்தார்கள். சிலோன்காரக் குடும்பம். பாசிர் கூடாங்கில் இரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், தொலைக்காட்சிக்கு நாடகம் எழுதப் போகிறேன் என்று அதை விட்டுவிட்டான். சுபத்திரா சிங்கப்பூரில் நர்ஸ். நான் விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு எழும்பும்போது அவள் சிங்கப்பூர் போகும் பாலத்தில் பாஸ்போர்ட் வரிசையில் நின்றுகொண்டிருப்பாள். இவன் எழுதியது கோலாலம்பூர் போய் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. 'மறுபடியும் திரும்பி வந்துச்சுன்னா பேசாம பாக்டரி பஸ்ல ஏறிடுங்க' என்று சுபத்திரா சொன்னதையும் எனக்குச் சுவர்தான் சொன்னது.

அன்று விடியுமுன் அவள் கேட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போன சத்தத்தைப் படுக்கையிலிருந்தே கேட்டேன். ஆகவே நடுப்பகலில் அந்த வீட்டில் அழுகிற பெண் சுபத்திரா இல்லை.

அதுவும் எப்பேர்ப்பட்ட தமிழில் அழுகிறாள்! 'சந்தேகத் தீ.' நம் ஊரில் எந்தப் பெண் இப்படிச் சண்டை போடுவாள்? நான் ஜஹாங்கீரோடு போடாத சண்டையா? 'போதும் லா, வாய மூடுங்க' என்பதைத் தாண்டி என் தமிழ் போனதே இல்லை. ஆகவே இவள் இந்த ஊர்க்காரி இல்லை. விசாவில் வந்தவள். குரல் கொஞ்சம் கரகரவென்று இருந்தது. புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, பாவம் என்று அவளுக்காக இரக்கப்பட்டவளும் நான்தான்.

கையைக்கூடக் கழுவாமல் எதிர்வீட்டு ராசம்மாக்காவிடம் ஓடினேன். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், புருஷனை இழந்தவர், எனக்குச் செய்தித்துறையில் கூட்டாளி.

"ராசம்மாக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்? நீ சொல்லு."

"குகநாதன் இந்தியாவுலருந்து ஒருத்தியக் கொண்டாந்து வீட்டுல வெச்சிருக்கான்."

"அலமாக்! இந்தியாவுல எங்க?"

"மெட்ராஸ் பக்கமா இருக்கணும். நல்லாப் படிச்சவ. திட்டும்போதுகூட செய்யுள் மாதிரி திட்றா."

அதற்குப் பிறகு ஜஹாங்கீருக்குப் போன் செய்தேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை, கடையில் சாப்பிட வந்தவர்களைத் தவிர. அன்றைக்குப் பார்த்து நல்ல கூட்டம்.

மாலையில் சுபத்திராவின் அப்பா அம்பிகைபாகன் சாஆ என்ற ஊரிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து சில வருடம் ஆகிறது. இன்னும் சட்டைப்பையில் பேனா குத்திக்கொண்டுதான் வெளியே வருவார். அவருக்குச் செய்தி சொன்னது ராசம்மாக்கா. அவருடைய நம்பர் ராசம்மாக்காவிடம் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. தெருவில் யார் மீன் வாங்கினாலும் விலை கேட்காமல் விடாத நான், இதைக் கேட்கவில்லை.

"மருமகன், மரியாதையாச் சொல்லும். அந்த இந்தியாக்காரி எங்கே?"

"எந்த இந்தியாக்காரி, மாமா?"

"ஒளிக்காதேயும். ஊருக்கே தெரியும்."

ஊருக்கு எப்படித் தெரியும் என்று குகநாதன் திரும்பினான். கேட்டருகே நானும் ராசம்மாக்காவும் நின்றுகொண்டிருந்தோம். நான் உடனே அவர்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் ஓர் இலையைப் பறித்து முகர்ந்து பார்த்தேன்.

மாமனார் உள்ளே போய்த் தேடினார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். துணி அலமாரியைத் திறந்தார். இஸ்திரிப் பலகை அவர்மேல் விழுந்தது. அந்த நேரத்தில்தான் சுபத்திரா பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தாள். முதுகில் பை, முகத்தில் இரத்தமே இல்லை.

"அப்பா? யாருக்கு என்ன ஆச்சு?"

எல்லாருமாக என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன் கிடைத்ததில்லை.

"ஒண்ணும் இல்லமா," என்றேன். "மத்தியானம் ஒரு பொம்பள அழுற சத்தம் கேட்டுச்சு. பக்கத்து வீடாச்சே, மனசு கேக்கல."

குகநாதன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். "நிஷாக்கா, அது நான்."

"எது?"

"அந்தப் பொம்பள. வசனம் எழுதினதும் வாய்விட்டுப் பேசிப் பாப்பேன். ரெண்டு பேர் குரல்லயும்."

அம்பிகைபாகன் நம்பவில்லை. "அப்படியெண்டால் பேசிக் காட்டும்."

பாவம், பேசிக் காட்டினான். தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டான். அது இல்லாவிட்டால் பெண் குரல் வராதாம். 'முறியட்டும்' என்று ஆரம்பித்தான். அதே கரகரப்பு. 'சந்தேகத் தீ' வந்ததும் ராசம்மாக்கா சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டார். அம்பிகைபாகனும் சிரித்தார். ராசம்மாக்கா சிரிக்கிறாரே என்று பார்த்துச் சிரித்தார். நான் அதையும் கவனிக்கவில்லை, குற்றவாளி தப்பித்துவிட்டானே என்ற வருத்தத்தில் இருந்தேன்.

சுபத்திரா மட்டும் சிரிக்கவில்லை. பையை இறக்கிவைத்தாள்.

"இவ ஏன் வீட்ட விட்டுப் போறா?"

"கல்யாண நாளன்னைக்கு யாரோ பூ அனுப்பிட்டாங்கன்னு அவன் சந்தேகப்பட்டுட்டான்," என்றான், துண்டை எடுக்காமலேயே.

"அதுக்கா இவ்வளவு பேசுறா? வேலைக்குப் போறவளா?"

"இல்ல. வீட்டுலதான் இருக்கா."

"அதான் பேசத் தெம்பு இருக்கு."

இது எனக்காகச் சொன்னதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இன்றைக்கும் இருக்கிறது.

"நான் போறதா இருந்தா ஒண்ணும் பேச மாட்டேங்க," என்றாள் சுபத்திரா. குரலை உயர்த்தவே இல்லை. "டெய்லி போற மாதிரி காலைல கெளம்பிப் போவேன். அந்தப் பக்கமே இருந்துடுவேன். நீங்க எழுந்து, காப்பி போட்டு, ரெண்டு சீன் எழுதி, அதுக்கப்புறம்தான் ஆளக் காணோமேன்னு பாப்பீங்க."

"சுபா, விளையாடாத."

"சிங்கப்பூர்ல, உட்லண்ட்ஸ்ல ரூம் பாத்திருக்கேன். கூட வேலை செய்றவளோட சேர்ந்து. மாசக் கடைசிக்குள்ள சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"எப்ப சொல்றது? நான் வரும்போதெல்லாம் நீங்க அவகூடப் பேசிக்கிட்டிருக்கீங்க." தலையில் கிடந்த துண்டைக் காட்டினாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. உண்மையான செய்தி இவ்வளவு நாளாக என் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. என் காது அதை விட்டுவிட்டு, இல்லாத ஓர் இந்தியாக்காரியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. அன்று இரவு வெங்காயத்தை ஹாலில் உட்கார்ந்து உரித்தேன். ஜஹாங்கீர் எனக்குக் காய்ச்சலா என்று கேட்டார்.

மறுநாள் குகநாதன் வேலிப்பக்கம் வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நான் தொண்டையைச் செருமித் தயாரானேன்.

"நிஷாக்கா, அந்தக் குரல் இந்தியாக்காரின்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"நம்ம ஆளுங்க யார் தம்பி அப்படிப் பேசுறா?"

கறிவேப்பிலைச் செடியில் ஓர் இலையைக் கிள்ளினான். "கோலாலம்பூர்லயும் இதத்தான் எழுதியிருந்தாங்க. இவங்க எந்த ஊர் ஜனங்கன்னு தெரியலன்னு. எனக்கு அப்ப கோவம் வந்துச்சு."

அவன் இப்படித் தழைந்து பேசியதும் எனக்குத் தலை கனத்துவிட்டது. அன்றிலிருந்து நான் அவனுடைய ஆலோசகர் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தினமும் வேலியில் நின்று ஒரு யோசனை சொல்வேன். மாமியாருக்கு விஷம் வை என்றேன். தொலைந்துபோன இரட்டைப்பிறவி ஒருத்தியைச் சாஆ தோட்டத்திலிருந்து கொண்டுவா என்றேன். கடைசியில் ஒரு லாரி மோத வேண்டும், லாரி இல்லாமல் முடிவு இல்லை என்றேன். "சரிக்கா, சரிக்கா" என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் விடியுமுன் அவர்கள் கேட் திறக்கும்போது மோட்டார் சைக்கிள் கிளம்புகிற சத்தமும் சேர்ந்து கேட்க ஆரம்பித்தது. சுபத்திராவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவனே பாலம் வரை கொண்டுபோய் விடுகிறான். ஒரு நாள் மோட்டாரை நிறுத்திவிட்டு அவளோடு வரிசையில் நின்று அந்தப் பக்கம் வரை போய்வந்தான். அதை என்னிடம் சொன்னபோது அவன் பேச்சில் உவமை ஒன்றும் இல்லை.

"ஒருத்தி நின்னுக்கிட்டே தூங்குறா நிஷாக்கா. வரிசை நகந்தா காலும் நகருது, கண்ணு தொறக்கல. பாவம் யாரோன்னு பாக்குறேன்... நம்ம சுபா."

"நீ பக்கத்துலதானே நின்ன?"

"தண்ணி வாங்கப் போயிட்டு வந்தேன். திரும்பி வந்து பாத்தா அடையாளம் தெரியல."

இதில் நான் என்ன யோசனை சொல்வது? லாரியைக்கூட நிறுத்திவைத்தேன்.

அதற்குப் பிறகு சுவர் ஊமையாகிவிட்டது. 'துரோகி' இல்லை, விசும்பல் இல்லை, நாற்காலி விழவில்லை. காதை ஒட்டவைத்தாலும் முணுமுணுப்புதான் வந்தது; இரண்டு பேர் பேசுகிறார்கள், இரண்டும் இரண்டு பேருடைய குரல் என்பது மட்டும் தெரிந்தது. மாசக் கடைசி வந்தது, போனது. சுபத்திரா மாலையில் வழக்கம்போல் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தாள். உட்லண்ட்ஸ் ரூம் வேண்டாம் என்று எப்போது முடிவு செய்தாள், அவன் என்ன சொன்னான், அழுதானா, ஒன்றும் எனக்குத் தெரியாது. இந்தத் தாமானில் நான் குடிவந்ததிலிருந்து எனக்கு நேர்ந்த பெரிய அவமானம் அது.

நாடகம் அந்தத் தடவை திரும்பி வரவில்லை. எடுத்துக்கொண்டார்கள். ஒளிபரப்பான அன்று நானும் கடைக்குப் போயிருந்தேன்; ஜஹாங்கீர் அங்கே டிவியில் பந்தாட்டத்தை மாற்றிவிட்டு அதைப் போட்டார். சாப்பிட வந்தவர்கள் முறைத்தார்கள். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருட்டில் மோட்டாரில் போகிறார்கள். அவள் பின்னால் தூங்கிவிழாமல் இருக்க, அவன் ஏதோ கேட்டுக்கொண்டே போகிறான். நேற்று என்ன சாப்பிட்டாய், எந்த வார்டு, அந்தச் சீனப் பாட்டி டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாளா. அவள் 'ம்' என்கிறாள். வீட்டில் ஒருத்தருக்கொருத்தர் குசுகுசுவென்று பேசுகிறார்கள். யாரும் யாரையும் அறையவில்லை. ஆனால் ரொட்டி சானாய் தட்டுகிற பையன் கையிலிருந்த மாவோடு அப்படியே நின்று பார்த்தான். ஜஹாங்கீர் தே தாரேக் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "உனக்குக் கால் வலி எப்படி இருக்கு நிஷா?" என்று கேட்டார். கால் வலி எனக்குப் பெருநாளுக்கு முன்பே போய்விட்டது. இருந்தாலும் இருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

எனக்கு வேறு குறை. முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை என்னைத் தேடினேன். பக்கத்து வீட்டுக்காரி என்று ஒருத்தி கிடையாது. வேலி இல்லை, வெங்காயம் இல்லை. இத்தனை உழைத்தவளுக்கு ஒரு நிழல்கூட இல்லை. மறுநாள் கேட்டே விட்டேன்.

"ஏன் தம்பி, அக்காவ மறந்துட்டியா?"

"நீங்க இருக்கீங்களேக்கா."

"எங்க?"

"வீட்டுல ரெண்டு பேரும் மெதுவாப் பேசுறாங்கல்ல? எதுக்குன்னு நெனைக்கிறீங்க?"

பின்னாலிருந்து சுபத்திரா சிரித்த சத்தம் கேட்டது. அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வருட முடிவில் அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு ஜொகூர் பாருவில், பாலத்துக்குக் கிட்டே ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டார்கள். சின்ன வீடுதான், எழுதுவதற்கென்று தனி அறை இல்லை. சாப்பாட்டு மேசையில் எழுதுகிறானாம். சுபத்திரா இப்போது விடிந்த பிறகு எழும்புகிறாள் என்று கேள்வி. சுவர் கனமான கான்கிரீட் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

ராசம்மாக்கா அம்பிகைபாகனைக் கல்யாணம் செய்துகொண்டு சாஆவுக்குப் போய்விட்டார். சுபத்திரா வீடு குடிபுகுந்த நாளிலிருந்தே இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்களாம். என் வாசலுக்கு நேர் எதிரே, என் கூட்டாளி. பதிவுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தபோதுதான் எனக்குத் தெரியும். ஜஹாங்கீருக்கு அதற்கு முன்பே தெரியும். அவர்கள் கடைக்கு வந்து மூலை மேசையில் உட்கார்ந்து மீன் தலைக்கறி சாப்பிடுவார்களாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட்டேன். "உங்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சுடும்லா," என்றார்.

பக்கத்து வீட்டுக்கு ஒரு சீனத் தம்பதி குடிவந்திருக்கிறார்கள். இளவயசு. நன்றாகச் சண்டை போடுகிறார்கள், வாயும் பெரிசு, நாற்காலிகூட விழுகிறது. எல்லாம் ஹொக்கியன் சீனத்தில். வெங்காயத்தை மறுபடி சமையலறைக்கே கொண்டுவந்துவிட்டேன். இதுவரை ஒரு சொல்தான் பிடிபட்டிருக்கிறது. அவள்தான் அதை அடிக்கடி சொல்கிறாள், அவன் உடனே அடங்கிவிடுகிறான். அதற்கு என்ன அர்த்தம் என்று கடைக்கு வரும் சீனக் காய்கறிக்காரரிடம் கேட்டேன். அவர் முகம் சிவந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.