விருந்தினர் கழிவறை

கணக்கு அக்கா மூன்று வாரமாக அந்த வராந்தாவை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தாள். பிள்ளைகளுக்கென்று இருந்த கழிவறைகள் மூன்று. ஒன்றில் தண்ணீர் வராது. இன்னொன்றில் போன தண்ணீர் திரும்பி வரும். மூன்றாவதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

மணி, தேர்வு, சீருடை எதுவும் இல்லாத பள்ளி அது. பன்னிரண்டு முதல் பதினாறு வயது வரை முப்பத்தைந்து பிள்ளைகள். அங்கே யாரும் சாரும் இல்லை, டீச்சரும் இல்லை. கணக்கு சொல்லித் தருகிறவள் கணக்கு அக்கா, பள்ளியை நிறுவியவர் வெறும் அண்ணா. வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து பேசி, கை தூக்கித்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும். பதினோரு வருடம் சாதாரணப் பள்ளியில் பிரம்புச் சத்தம் கேட்டுச் சலித்தவள், குறைந்த சம்பளத்துக்கு இங்கே சந்தோஷமாக வந்து சேர்ந்திருந்தாள்.

துப்புரவுப் பணியாளரை நிறுத்தியதும் அண்ணாதான்.

"நாமளே சுத்தம் பண்ணிக் கொடுத்துட்டா அவங்களுக்குத் தேவைங்கற உணர்வே வராது. கொஞ்ச நாள் நாறட்டும். அந்த நாத்தத்துலேருந்து ஒரு பொறுப்பு பிறக்கும், பாருங்க."

பொறுப்பு பிறக்கவில்லை, புழுதான் பிறந்தது. பிள்ளைகள் இரண்டு முறை வாளியும் துடைப்பமுமாக இறங்கிப் பார்த்தார்கள். அடைத்துக்கிடந்த குழாயைத் துடைப்பத்தால் என்ன செய்ய முடியும்? அப்புறம் பெண்பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்கள் காலையில் வந்தபடியே நிறைந்து வீட்டுக்குத் திரும்புவதைக் கணக்கு அக்கா கவனித்தாள். தண்ணீர் குடித்தால்தானே அங்கே போக வேண்டும்! ஒருத்திக்கு நீர்க்கடுப்பு வந்து நான்கு நாள் படுத்துவிட்டாள்.

அலுவலக அறையை ஒட்டி இன்னொரு கழிவறை இருந்தது. வெள்ளை டைல்ஸ், வாசனை சோப்பு, மடித்து வைத்த துண்டு. விருந்தினர்களுக்கு. சாவி அண்ணாவின் சட்டைப்பையில்.

அந்த வெள்ளிக்கிழமை வட்டத்தில் எழுந்தவள், எல்லோரும் குண்டூசி என்று கூப்பிடும் பெண். பதினான்கு வயது; ஆள் சின்னது, முனை கூர்மை.

"மத்ததை ரிப்பேர் பண்ற வரைக்கும் அந்தப் பூட்டுன டாய்லெட்டை எங்களுக்குத் திறந்துவிடணும். யார் யாரெல்லாம் ஒத்துக்கறீங்க?"

கணக்கு அக்கா எண்ணினாள். இருபத்தொன்பது கைகள். சத்தமாகவே சொன்னாள்.

அண்ணா புன்னகை மாறாமல் தலையாட்டினார். "அருமை. ஆனா கை எண்ணுறது ஜனநாயகத்தோட குழந்தைப் பருவம். நாம அதைத் தாண்டிட்டோம் இல்லையா? எல்லாரும் ஒருமனசா வர்ற வரைக்கும் பேசுவோம்."

பதினோரு மணிக்குத் தொடங்கிய பேச்சு இரண்டரை வரை நீண்டது. சாப்பாட்டு டப்பாக்கள் மூலையில் ஆறிக்கிடந்தன. அவர் ஒருவரையும் அதட்டவில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து, தேன் சொட்டக் கேட்டார்: "உன் மனசைத் தொட்டுச் சொல்லு கண்ணா. உனக்கு இது உண்மையிலேயே வேணுமா? இல்ல, கூட்டத்தோட போறியா?" ஒவ்வொன்றாகக் கைகள் இறங்கின. கடைசியில் குண்டூசி மட்டும் மிஞ்சினாள்.

"சரி, எனக்கும் வேண்டாம். சாப்பிடப் போலாமா?"

"பாத்தீங்களா? யாரும் யாரையும் வற்புறுத்தல" என்றார் அண்ணா.

குறிப்பேட்டில் 'கோரிக்கை ஏகமனதாகக் கைவிடப்பட்டது' என்று எழுதியது கணக்கு அக்காவின் கைதான். பிரம்பெடுத்து அடிப்பவனையாவது பிள்ளைகள் அடிப்பவன் என்று வைய முடியும், இவரை என்னவென்று வைவார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை நன்கொடை தரும் அமைப்பிலிருந்து நான்கு பேர் கேமராவோடு வந்தார்கள். "இங்க பிள்ளைங்க வச்சதுதான் சட்டம்" என்று அண்ணா சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களில் ஒரு அம்மா கணக்கு அக்காவின் காதருகே, "டாய்லெட் எங்க இருக்கு?" என்று கேட்டார். அதைக் கவனித்த அண்ணா பேச்சை நிறுத்தாமலே சாவியை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "வாங்க மேடம்" என்று அந்த அம்மாவை வராந்தா வழியாக அழைத்துப்போனாள்.

உள்ளே போன அம்மா போன வேகத்தில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, வராந்தாவில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். "இதையா பிள்ளைங்க யூஸ் பண்றாங்க?"

"முடிஞ்ச வரைக்கும் தண்ணி குடிக்காம சமாளிக்கறாங்க."

வந்தவர்கள் தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். கார் தெருமுனை திரும்புவதற்குள் அண்ணா வட்டத்தைக் கூட்டிவிட்டார்.

"அக்கா நம்ம நம்பிக்கையை உடைச்சுட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீங்களே முடிவு பண்ணுங்க."

குண்டூசி எழுந்தாள். கணக்கு அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு தைரியம் வந்தது.

"அக்கா பண்ணதும் எனக்குப் பிடிக்கல" என்றாள் அவள். "அந்த அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு எங்களை ஒரு பார்வை பாத்தாங்க. என்னமோ நாங்கதான் அழுக்குங்கற மாதிரி. கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாக்கா? அண்ணா கேக்கற மாதிரி நடிப்பாரு, நீங்க கேக்கவே இல்ல. இருபத்தொன்பதுன்னு எண்ணுனது நீங்கதானே? அப்புறம் நோட்டுல ஏன் வேற மாதிரி எழுதினீங்க?"

செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. இத்தனை நாள் அண்ணாவைப் பார்த்து வந்த அருவருப்பு இப்போது தன்மேலேயே திரும்பியது. குறிப்பேட்டை எடுத்தாள், பழைய வரியை அடித்துவிட்டு எழுதி, எழுதியதைப் படித்தாள்: "ஆதரவு இருபத்தொன்பது. கோரிக்கை நிறைவேறியது. தப்பா எழுதினது நான்தான்."

பிள்ளைகள் எழுந்து போய்ப் பூட்டிய கழிவறையின் வாசலில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். அண்ணா அரை மணி நேரம் பேசினார். மனசைத் தொடச் சொன்னார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பேச ஆள் இல்லாதபோது அவருக்கு வேறு வித்தை தெரியவில்லை. சாவியைத் தரையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை கணக்கு அக்காவுக்குக் கடிதம் வந்தது. அன்றோடு வேலை முடிந்தது, 'பிள்ளைகளின் விருப்பப்படி' என்று எழுதியிருந்தது. வேலை போனது வலித்தது என்னவோ உண்மைதான். ஆனால் அந்த இரண்டு சொற்களைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் குண்டூசியைப் பார்த்தாள்.

"மூணையும் சரி பண்ணியாச்சுக்கா. இப்ப யார் வந்தாலும் முதல்ல அங்கதான் அண்ணா கூட்டிட்டுப் போறாரு. 'பிள்ளைங்க தாங்களே போராடி வாங்கினது, இதுதான் எங்க கல்விமுறை'ன்னு சொல்றாரு."

"அடச்சீ!" பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கணக்கு அக்கா சொல்லிவிட்டாள்.

"எங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் குண்டூசி. பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். அடியில் ஒரு மடக்குதான் மிச்சம் இருந்தது. அதையும் குடித்துவிட்டு, வந்து நின்ற பேருந்தில் ஏறிக்கொண்டாள்.